ருவன்வெல்லயிலிருந்து லண்டன் வரை

மலையகத் தமிழரின் உரிமைப் போராட்டம் என்றதும் ஹட்டனும் தலவாக்கலையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அவர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை அரசியலமைப்பின் முன் நிறுத்திக் கேள்வி கேட்ட வழக்கு சப்ரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்தில் பிறந்தது.

1889 இல் அமைந்த இம்மாகாணத்தின் நில அமைப்பு தனித்தன்மை உடையது. நுவரெலியாவைப் போல மலை முழுதும் தேயிலையாக விரிந்த நிலம் அன்று இது. எட்டியாந்தோட்டை, தெகியோவிட்ட, ருவன்வெல்லப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டமும் சிங்களக் கிராமமும் நெல்வயலும் ஒன்றையொன்று ஊடறுத்துக் கிடக்கின்றன. தமிழர் சிதறி வாழ்ந்தனர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளுள் சப்ரகமுவத் தொகுதி ஒன்றுகூட இல்லை. ருவன்வெல்லயில் வென்றவர் சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேரா.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் தந்தையின் பிறப்புக்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அச்சான்றுக்கு எங்கே போவார்? 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டமோ குடிமகன் அல்லாதவருக்கு வாக்கில்லை என்றது.

ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். பதிவு அதிகாரி முதன்னாயக்க மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம், எந்த ஒரு சமூகத்துக்கும் பிறருக்கில்லாத தடைகளைச் சட்டம் விதிக்கலாகாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவைச் சுட்டி, இரு சட்டங்களின் உரிய பிரிவுகளும் செல்லா என்று தீர்ப்பளித்தார். அந்தத் துணிவைப் பற்றி நம் ஏடுகள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் நெடுநாள் குறை.

உயர் நீதிமன்றம் 1951 இல் அம்முடிவை நீக்கியது. வழக்கு லண்டனுக்கு, பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1953 இல் அங்கும் தோல்வி. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் குடியுரிமைக்கான தகுதியை ஆராய்வதற்கு உரிய செய்தி. அது அவர்களைச் சமூகமாகக் குறிவைத்ததாகாது என்றனர் நீதிபதிகள். இறப்பர்க் கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதை நட்டு, வளர்த்து, பால் வெட்டியவர்களைப் பற்றிய தீர்ப்பு இது!

இடையில் 1952 தேர்தலும் நடந்து முடிந்தது. ஏழு தொகுதிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை இரு நாடுகளுக்கும் எண்ணிப் பிரித்தது. நாடற்றவராய் எஞ்சியவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது.

அப்போதும், கேகாலையிலோ இரத்தினபுரியிலோ தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடப் பிரதேச சபைக்குச் சட்டத் தடை இருந்தது. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு அது. தோட்டத் தமிழர் வாக்களித்துத் தெரிவான உறுப்பினரும் அதையே காரணமாகக் காட்ட வேண்டியிருந்தது. அப்பிரிவு 2018 இல்தான் திருத்தப்பட்டது.