களத்துச் சூடும் பலகாரச் சூடும்: வன்னிநாட்டு விழாக்காலச் சிற்றுணவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னிநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வன்னிபங்களின் வழிமுறை, குளங்களின் ஆக்கமும் அழிவும், 1803 ஆம் ஆண்டிற் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற செய்தி ஆகியவற்றையே பெரிதும் விரித்துரைத்துள்ளனர். 1895 இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட கைந்நூல் முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகள் பற்றிய செய்திகளைத் தொகுத்துத் தருவது. இவற்றால் ஆட்சியின் வரலாறு ஓரளவு துலங்கும். அடுக்களையின் வரலாறு துலங்காது. விழா நாட்களிலும் சுற்றம் கூடும் நாட்களிலும் வீடுகளில் ஆக்கப்பெறும் பலகாரங்களைச் சான்றாகக் கொண்டு மக்கள் வாழ்வின் சில கூறுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களையும் ஈண்டு வன்னி எனக் கொள்கின்றோம்.

வன்னி மக்கள் வழக்கில் ‘சூடு’ என்னும் சொல் இருவேறு பொருளில் வழங்குவது கருதத்தக்கது. அரிந்த நெற்கதிர்களைக் களத்திற் குவித்து வைத்தலைச் சூடு வைத்தல் என்பர். அதனை மிதித்து நெல்லைப் பிரித்தலைச் சூடடித்தல் என்பர். பொருநராற்றுப்படையிலும் இச்சொல் நெற்கதிர்க் குவையைக் குறித்து வருதலின், இது மிகப் பழைய வழக்கு என்பது தெளிவு. மற்றொன்று பலகாரச் சூடு. மணவினைக்கு முன் நல்ல நாள் பார்த்துச் சுற்றத்துப் பெண்கள் கூடிப் பலகாரம் சுடத் தொடங்கும் சடங்கினை இது குறிக்கும். எண்ணெயிற் பொரிப்பதையும் சுடுதல் என்றே வழங்குவது தமிழ் மரபு. அப்பஞ் சுட்டு விற்போரைக் கூவியர் எனப் பழைய பாட்டுகள் சுட்டுகின்றன. இவ்விரு சொற்களும் பிறப்பால் வேறாயினும், வாழ்வில் அவை ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன என்பதே நாம் நிறுவ விழைவது.

வன்னியின் பெரும்போகமாகிய காலபோகம் வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைக்கப்பெற்று, தை முதற் பங்குனி வரை அறுவடையாவது. தைப்பூச நாளிற் புதிர் உண்ணலும், சித்திரைப் புத்தாண்டுப் பலகாரமும் இவ்விளைவின் பயன்களாம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு ஊர்கள் பலவும் திரள்கின்றன. ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் ஆக்கப்பெறும். ஆவணி, புரட்டாதியிற் பனம்பழம் விழ, அதன் களியைப் பிசைந்து பனங்காய்ப் பணியாரம் சுடப்பெறும். பின்னர்த் தீபாவளிக்கும் மணவீட்டுக்கும் உரியனவாக அரியதரம், சிப்பி, முறுக்கு, பயற்றம் பணியாரம் என்பன வரும். இவற்றுட் பயற்றம் பணியாரம் சிறப்பாக நோக்கத்தக்கது. வறுத்திடித்த பயற்றம் மாவைப் பாகிற் குழைத்துத் திரட்டி, தேங்காய்ப்பாலிற் கரைத்த மாவில் தோய்த்துப் பொரிப்பர். நெல் வெட்டிய வயலிற் பயறும், சேனைப் புலத்தில் எள்ளும், கடலோரத்திற் பனையும் தென்னையும் விளைந்தமையால், இப்பணியாரத்திற்கு வேண்டியவற்றுட் பெரும்பாலன ஊர் எல்லைக்குள்ளேயே கிடைத்தன.

இவற்றை ஒரு வீட்டார் தனித்து ஆக்கியதில்லை. ஒருத்தி பயறு வறுக்க, இருவர் மாறி மாறி உலக்கை போட, ஒருத்தி அரிதட்டில் மாவை அரிக்க, முதியவள் ஒருத்தி பாகின் பதம் பார்ப்பாள். இன்று இவ்வீட்டிற்கு வந்தவர் வீட்டிற்கு நாளை இவ்வீட்டார் செல்வர். சூடடிப்பில் ஆண்கள் ஒருவர் களத்தில் ஒருவர் கைமாறாக உழைத்த முறையே அடுக்களையிலும் நிலவியது. ஆகவே பலகாரத்தின் அளவு வீட்டின் செல்வத்தை மட்டுமன்றி, அவ்வீட்டிற்கு உதவ வந்த கைகளின் தொகையையும் காட்டிற்று எனலாம்.

இனி, வெதுப்பும் முறை இந்நிலத்திற் புகுந்தவாற்றை நோக்குவோம். பாண், போறணை, விசுக்கோத்து ஆகிய மூன்றும் போர்த்துக்கேய மொழியினின்று நம் மொழிக்கு வந்தவை. யாழ்ப்பாண அரசு 1619 இற் போர்த்துக்கேயர் வசமானது. எனினும் காடும் குளமும் சூழ்ந்த வன்னிச் சிற்றூர்களிற் சொல் வந்த காலத்திலேயே போறணையும் வந்தது எனக் கொள்வதற்கில்லை. கோதுமை மா பெருவழக்காயினமைக்கு இரண்டாம் உலகப்போர் தலையாய காரணம். 1942 இற் பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசியின் இடத்தைக் கோதுமை மா ஓரளவு நிரப்பிற்று. ‘அமெரிக்கன் மா’ எனப் பெயர்பெற்ற இம்மாவை நம் பெண்கள் துணியிற் கட்டி அவித்து, அரித்து, பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் பயன்படுத்தினர். புதிய பண்டத்தைப் பழைய முறைக்குப் பணியவைத்தனர் என்பதே உண்மை.

நத்தாருக்கும் பிறந்த நாளுக்கும் உரிய கேக்கும் இவ்வாறே வீட்டுக்குரியதாயிற்று. போறணை இல்லாத வீடுகளில், அகன்ற சட்டியில் மணல் பரப்பிச் சூடேற்றி, மாக்கலவை வார்த்த தட்டை அதனுள் வைத்து மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்புவர். கீழ் நெருப்பும் மேல் நெருப்பும் ஒத்திருத்தல் வேண்டும். மேல் மிகின் கருகும், கீழ் மிகின் அடிப்பிடிக்கும். பாகின் பதம் பார்த்துப் பழகிய கையே இப்பதத்தையும் பார்த்தது.

1990 இலிருந்து நிலவிய பொருளாதாரத் தடையால் எரிபொருள் முதலான பல பொருள்கள் வன்னிக்கு அரிதாயின. சீனிக்கு ஈடாகப் பனங்கட்டி மீண்டும் இடம்பெற்றது. 1995 இல் யாழ்ப்பாணத்தினின்று பெயர்ந்த மக்களிற் பெருந்தொகையினர் வன்னிக்கு வர, இருந்தவரும் வந்தவரும் ஒரே அடுப்பைப் பகிர்ந்த வீடுகள் பல. ‘வெதுப்பகம்’ என்னும் பெயர் கடைப் பலகைகளில் நிலைபெற்றதும் அக்காலச் சூழலிலேயாம். 2009 இன் முற்பகுதியில் முள்ளிவாய்க்கால் வரை துரத்தப்பட்ட மக்களுக்கு அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே உணவாயிற்று. அதன்பின் 2½ இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 இலேயே மூடப்பட்டது.

இங்கு ஒரு மரபினைச் சுட்டுதல் வேண்டும். இழவு கண்ட வீட்டில் அவ்வாண்டு விழாப் பலகாரம் சுடுவதில்லை. அயலாரும் உறவினரும் தத்தம் வீட்டிற் சுட்டதிற் பங்கு கொணர்ந்து கொடுப்பர். துயருற்றவர் வீட்டுப் பிள்ளைகள் பலகாரமின்றி இருத்தலாகாது என்னும் கருணையே இவ்வழக்கின் உட்பொருள். இவ்வழக்கு நிலைபெற, ஊரில் இழவு காணாத வீடுகள் இருத்தல் வேண்டும். 2009 இன் பின் மீளக்குடியேறிய சிற்றூர்கள் பலவற்றில் அத்தகைய வீட்டைத் தேடுதல் அரிதாயிற்று. கொடுப்போரும் கொள்வோரும் ஒரே நிலையினராயினர். உரலும் உலக்கையும் அம்மியும் தொலைந்தமை ஈடுசெய்தற்கு இயலும் இழப்பு. யார் யாருக்குக் கொடுப்பது என்னும் ஒழுங்கு குலைந்தமையே பேரிழப்பு என நாம் கருதுகின்றோம்.

எனினும் வழக்கு முற்றாக அழிந்திலது. துயர்கண்ட வீட்டார் துயர்கண்ட வீட்டாருக்கே கொடுக்கும் புதிய முறையொன்று தோன்றுதல் கூடும். மே 18 இல் ஆண்டுதோறும் கஞ்சி காய்ச்சி வருவோர்க்கெல்லாம் வழங்கும் வழக்கம் அதன் ஒரு வடிவமே. வன்னியின் பருவ உணவுகளுட் காலத்தால் மிகப் பிந்தியது இதுவாம். பயறும் பாகும் இல்லாத இவ்வுணவும் பலர் கூடி ஆக்கிப் பலருக்குக் கொடுப்பதாகவே அமைந்துள்ளது.

இன்று பலகாரம் கடையிலும் கிடைக்கின்றது. பொதிகளாக அடைக்கப்பட்டு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் விற்கப்படுகின்றது. 2022 இன் எரிவாயுத் தட்டுப்பாட்டில் நகரத்தாரும் விறகடுப்பை நாடினர். மறந்த கைகள் சில மீண்டும் பழகின. ஆயினும் சுண்டு, கொத்து என்னும் அளவுகளிலும், பாகின் நூற்பதத்திலும், தணலின் நிறத்திலும் தங்கிய அறிவு எழுத்தில் இல்லை; அது முதிய பெண்களின் கையிலும் கண்ணிலும் உள்ளது. அவர்களிடம் சென்று, என்ன சுட்டீர்கள் என்பதோடு யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் கேட்டு எழுதுதல் ஆய்வு மாணவர் கடனாகும். அவ்விரண்டாம் வினாவின் விடையிலேயே வன்னியூர் ஒன்றின் முழு வரலாறும் அடங்கியுள்ளது.