மெடலும் மெட்டலும்

மெட்டலில் செய்ததால் மெடல் என்று சொல்வோரும் எழுதுவோரும் பெருகிவிட்டனர். ஓசை ஒத்தால் பிறப்பும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடும் பழக்கம் இது. மெட்டல்லும் என்ற இலத்தீன் சொல்லைக் காட்டி அகராதிகள் சிலவும் இதற்குத் துணைபோகின்றன. இதை ஏற்பதற்கில்லை.

மெடலுக்கு மூலம் இத்தாலியச் சொல்லான மெடாலியா. இடைக்கால இத்தாலியில் அது அரைத் தெனாரோக் காசின் பெயர். பிரெஞ்சில் அதன் உடன்பிறப்பு மாய். அதுவும் அரைத் தெனியேக் காசுதான். இரு மொழியிலும் பாதிக்காசையே குறிக்கும் சொல்லுக்கு, நடு, பாதி என்ற பொருள்வழி வந்த இலத்தீன் மெடியாலிஸ் இருக்க, உலோகத்தைத் தேடிப் போவானேன்? தெனாரோவும் உலோகம், புளோரினும் உலோகம். எல்லாக் காசுக்கும் பொதுவான தன்மை ஒரு காசுக்கு மட்டும் எப்படிப் பெயராகும்? மெட்டல்லும் இத்தாலியத்தில் மெட்டல்லோ என்று வல்லோசை கெடாமலே நிற்கிறது. மெடியாலிஸின் வடிவமான மெடியாலியாவிலோ இரண்டு இகரங்களில் முன்னது உதிர்ந்தாலே போதும், மெடாலியா கிடைத்துவிடும்.

‘பங்குபோட மாய் இருக்கிறது’ என்றால் பிரெஞ்சில் இருவருக்குள் வழக்கு என்று பொருள். அரைக்காசை மேலும் பிரிக்க முடியாதல்லவா! சங்கிலிக் கவசத்தைக் குறிக்கும் மாய் வேறு. அது மாகுலா வழி வந்தது.

காசு வழக்கொழிந்தபின் பெயர் பழங்காசுகளுக்கு ஏறியது. மறுமலர்ச்சிக் காலச் சேகரிப்பாளர்கள் ரோமப் பேரரசர் காசுகளை மெடாலியா என்றே அழைத்தனர். 1438இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் பலையோலோகஸ் திருச்சபை மாநாட்டுக்காக இத்தாலி வந்தார். அக்காசுகளின் சாயலில் ஓவியர் பிசனெல்லோ அவர் உருவை வார்த்த மெடலில் ஒருபுறம் உயர்ந்த தொப்பியணிந்த பக்கவாட்டு முகம். மறுபுறம் வழியோரச் சிலுவையின் முன் குதிரைமேல் அமர்ந்து வணங்கும் கோலம். வடிவம் காசு, ஆனால் கடையில் செல்லாது.

மெடலோடு சேர்த்து எண்ணப்படும் ஆர்டர் வேறு. இலத்தீன் ஓர்டோ வரிசையைக் குறித்தது. பின் துறவியர் கூட்டத்தையும், அதையொட்டி வீரர் கூட்டத்தையும் குறித்தது. பர்கண்டி கோமகன் பிலிப் 1430இல் நிறுவிய பொற்கம்பளி ஆர்டர் ஆள்களின் சங்கம்; உறுப்பினர் இறந்தால் கழுத்தணி திரும்பிவிட வேண்டும். பழந்தமிழில் ஏனாதி என்பது பட்டம், ஏனாதி மோதிரம் அதன் அணி; உரைகளில் பழகியவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. சிவாஜி கணேசனால் தமிழர் வாயில் நிலைத்த செவாலியேயும் பதக்கத்தின் பெயரன்று. குதிரையைக் குறிக்கும் கபல்லுஸ் வழி வந்த படிநிலைப் பெயர்.

எல்லாவற்றையும் ‘பதக்கம்’ என்று ஒரே கட்டாகக் கட்டுவதால் மதிப்பீடும் பிசகுகிறது. 1802இல் நெப்போலியன் நிறுவிய லெஜியோன் தொனர் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அணியில் ஐந்து கரமும் வெள்ளை எனாமலும் மாறவில்லை, நடுவட்டம் மாறியது. முதற் பேரரசில் நெப்போலியன் முகம். பூர்போன் மன்னர்கள் திரும்பியதும் நான்காம் ஹென்றி. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் மீண்டும் நெப்போலியன், மேலே கிரீடம். மூன்றாம் குடியரசில் பெண்முகமும் 1870 என்ற ஆண்டும். இக்கடைசி வகை ஏராளம், ஆகவே விலை குறைவு. செவாலியேக்கு வெள்ளி, அடுத்த படியான ஒஃபிசியேக்குப் பொன். வெள்ளியில் பன்றித்தலை முத்திரையும் பொன்னில் கழுகுத்தலை முத்திரையும் 1838இல் வந்தவை. அவை தெரிந்தால் ‘முதலாம் நெப்போலியன் காலத்தது’ என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. எனாமல் பெயர்ந்திருந்தால் விலை இன்னும் இறங்கும்.

மெடியாலியாவுக்கும் மெடாலியாவுக்கும் நடுவிலுள்ள வடிவம் ஏட்டில் இல்லையே என்பர் எதிர்க்கட்சியார். மெட்டல்லும் வழி வந்ததாக அவர்கள் காட்டும் மெட்டல்லேயாவும் ஏட்டில் இல்லாத ஊகச் சொல்தான். ஊகம் இரண்டானால் பொருளோடு பொருந்துவதே கொள்ளத்தக்கது. மெடல் பாதிக்காசில் பிறந்த சொல். உலோகத்துக்கு அதில் உரிமையில்லை.