டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்

அமெரிக்காவில் 1950 முதல் 1955 வரை இரு மாதங்களுக்கு ஒருமுறை வெளிவந்த திகில் சித்திரக்கதை இதழ். நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் இயங்கிய ஈ.சி. காமிக்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. ‘கிரிப்ட்’ என்றால் தேவாலயத்துக்கு அடியில் இறந்தவர்களை வைக்கும் நிலவறை. அங்கிருந்து வரும் கதைகள் என்பது தலைப்பின் பொருள். விலை 10 சென்ட். இதழுக்கு நான்கு படக்கதைகள். ‘த வால்ட் ஆஃப் ஹாரர்’, ‘த ஹான்ட் ஆஃப் ஃபியர்’ என்ற சகோதர இதழ்கள் இரண்டும் அதே மேசையில், அதே கைகளால் உருவானவை. கதைசொல்லிப் பாத்திரங்களே ஓர் இதழிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்துகொண்டிருந்ததால் மூன்றையும் பிரித்துப் பேச வழியில்லை.

தோற்றம்

நிறுவனத்தைத் தொடங்கியவர் அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தக வணிகத்தின் முன்னோடிகளில் ஒருவரான மேக்ஸ் கெய்ன்ஸ். பைபிள் கதைகளையும் வரலாற்றையும் பிள்ளைகளுக்குப் படமாகத் தருவது அவர் நோக்கம். ஈ.சி. என்ற எழுத்துகள் அப்போது ‘கல்விச் சித்திரக்கதைகள்’ என்பதைக் குறித்தன. 1947 ஆகஸ்டில் லேக் பிளாசிட் ஏரியில் நடந்த படகு விபத்தில் அவர் இறந்தார். வேதியியல் ஆசிரியராகப் படித்துக்கொண்டிருந்த 25 வயது மகன் வில்லியம் கெய்ன்ஸின் தலையில் நிறுவனம் வந்து விழுந்தது. வேண்டாவெறுப்பாக உள்ளே வந்தவர், 1948இல் ஓவியராகச் சேர்ந்த ஆல் ஃபெல்ட்ஸ்டைனோடு பழகிய பிறகு தொழிலில் மூழ்கிப்போனார். எழுத்துகள் அப்படியே இருக்க, ‘கல்வி’ போய் ‘பொழுதுபோக்கு’ வந்தது.

இருவரும் சிறுவயதில் வானொலியின் திகில் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். இருட்டில் கேட்ட அந்தக் குரல்களைத் தாளுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க, முதலில் தங்கள் குற்றக்கதை இதழ்களின் உள்ளே தலா ஒரு திகில் கதையைச் செருகினார்கள். ‘கிரைம் பேட்ரோல்’ 15ஆம் இதழில் நிலவறைக் கதை நுழைந்தது. வாசகர்களுக்குப் பிடித்துப்போனது. 17ஆம் இதழில் பத்திரிகையின் பெயரே ‘த கிரிப்ட் ஆஃப் டெரர்’ ஆனது. 20ஆம் இதழில், 1950 இறுதியில், இன்று அறியப்படும் பெயர் வந்து சேர்ந்தது. பெயர் மாறியும் எண் மாறாததற்குக் காரணம் அஞ்சல் கட்டணம். புதிய இதழ் என்றால் சலுகை அஞ்சலுக்குப் புதிதாகப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே இந்த இதழுக்கு 1ஆம் எண் என்று ஒன்று கிடையாது. 20 முதல் 46 வரை 27 இதழ்கள், அதற்கு முன் வேறு பெயரில் வந்த மூன்று, அவ்வளவுதான் மொத்தக் கணக்கு.

எழுத்து முதலில், படம் பிறகு

கெய்ன்ஸ் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்டுவந்தார். அது தூக்கத்தைக் கெடுத்தது. இரவெல்லாம் கதைகளைப் படித்து, கதைக்கரு போலத் தோன்றுவதைத் துண்டுத்தாள்களில் குறித்து வைப்பார். காலையில் ஒவ்வொன்றாக ஃபெல்ட்ஸ்டைனிடம் சொல்வார். ஃபெல்ட்ஸ்டைன் உதட்டைப் பிதுக்கினால் அடுத்த தாள். ஏதோ ஒன்றில் இருவரும் ஒத்துப்போனதும் ஃபெல்ட்ஸ்டைன் அறைக்குப் போய், ஓவியர் வரையப்போகும் அட்டையிலேயே நேரடியாகக் கதையை எழுதத் தொடங்குவார். வாரத்துக்கு நான்கு கதைகள் இப்படி எழுதினார்.

எழுதியதை லீராய் என்ற கருவியால் எழுத்துப் பொறிப்பார்கள். பொறியியல் வரைபடங்களுக்கான கருவி அது. கையெழுத்தின் நெளிவு எதுவும் இல்லாமல் எழுத்துகள் நூல் பிடித்தாற்போல் நிற்கும். கட்டங்களும் எழுத்துகளும் முடிந்த பிறகே அட்டை ஓவியரிடம் போகும். கட்டத்தின் மேல்பாதி வாசகத்துக்குப் போயிருக்க, எஞ்சிய இடத்தில்தான் அவர் வரைய வேண்டும்.

இது பெரிய குறை என்று சொல்வோர் உண்டு. படம் காட்டுவதையே வாசகமும் சொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஈ.சி.யின் சிறந்த பக்கங்கள் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவை. ஓடவும் பாயவும் இடமில்லாத கட்டத்தில் மனித முகம் ஒன்றே மிஞ்சுகிறது. வியர்த்த நெற்றி, பக்கவாட்டில் திரும்பிய விழி, கதவுப்பிடியைப் பற்றிய விரல்கள். மற்ற நிறுவனங்களின் நாயகர்கள் கட்டடங்களைத் தாண்டிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒருவன் ஏழு பக்கமும் தன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மேலே அச்சுப் போன்ற உணர்ச்சியற்ற எழுத்து, கீழே துடிக்கும் கோடு. அந்த முரண் வாசகரை இருக்கையோடு கட்டிப்போடும்.

மூன்று கைகள்

ஓவியர்களை ஒரே பாணிக்கு வளைப்பது அக்கால வழக்கம். கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் அப்படிச் செய்யவில்லை. படத்தில் கையெழுத்திட விட்டார்கள், வேலையைக் கொண்டுவந்து கொடுத்ததும் பணம் கொடுத்தார்கள், ஒவ்வொருவரின் கைக்கும் ஏற்ற கதையை எழுதினார்கள். வாலி உட், ஜாக் கேமன், ஜோ ஆர்லாண்டோ, ஜார்ஜ் எவன்ஸ், ரீட் கிராண்டல் எனப் பட்டியல் நீளும். பெரும்பாலான இதழ்களுக்கு வண்ணத் திட்டம் வகுத்தவர் மேரி செவரின். ஆனாலும் திகில் இதழ்களின் உயிர் மூவரிடம் இருந்தது.

ஜார்ஜியாவிலிருந்து வந்த ஜாக் டேவிஸ் மின்னல் வேகத்தில் வரைபவர். கசங்கிய சட்டை, பெரிய காலணி, நீண்ட தாடை என்று அவருடைய மனிதர்கள் எல்லாருமே கொஞ்சம் கேலிச்சித்திரம். பிணம் எழுந்து வந்தாலும் அதில் ஒரு துள்ளல் இருக்கும். கதைசொல்லியான நிலவறைக் காவலனின் உருவத்தை ஃபெல்ட்ஸ்டைனுக்குப் பிறகு நிலைநிறுத்தியவர் அவர்தான்.

ஜானி கிரெய்க் நேர் எதிர். மெதுவாக வரைவார், பெரும்பாலும் தன் கதையைத் தானே எழுதுவார். கோடு சுத்தமாக, அறை ஒழுங்காக, பெண்களின் கூந்தல் சீவியபடி இருக்கும். 1954இல் ‘வால்ட் ஆஃப் ஹாரர்’ 35ஆம் இதழில் அவர் செய்த கிறிஸ்துமஸ் கதையைப் பாருங்கள். பண்டிகை இரவில் ஒரு பெண் கணவனைக் கொல்கிறாள். கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் கொலைகாரப் பித்தன் ஒருவன் தப்பித்துத் திரிகிறான் என்று வானொலி சொல்கிறது. அவன் இந்த வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறான். போலீசைக் கூப்பிடலாம், ஆனால் கூடத்தில் பிணம் கிடக்கிறதே! சன்னலையும் கதவையும் ஒவ்வொன்றாகத் தாழிட்டுக்கொண்டு ஓடுகிறாள். கடைசியில் மாடியில் தூங்கவேண்டிய சின்ன மகள், தாத்தா வந்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில் தானே கதவைத் திறந்து அவனை உள்ளே அழைத்துவருகிறாள். கதை அங்கே நிற்கிறது. அதன் பிறகு நடப்பதைக் கிரெய்க் வரையவில்லை. வரையாமல் விட்டதனால்தான் அது இன்னும் நினைவில் நிற்கிறது.

மூன்றாமவர் கிரஹாம் இங்கெல்ஸ். ‘கோரம்’ என்று பொருள்படும் ‘காஸ்ட்லி’ என்பதையே கையெழுத்தாக இட்டவர். இன்னொரு கதைசொல்லியான சூனியக் கிழவி அவருடைய படைப்பு. அவர் படங்களில் எல்லாமே ஈரமாக இருக்கும். வாய் திறந்தால் மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே எச்சில் நூலாக இழுபடும். முடி பாசிபோலத் தொங்கும். நாற்காலியின் கால்கூட அழுகத் தொடங்கிய மரம்போல் முறுக்கிக்கொள்ளும். ஆனால் அவரை வெறும் அழுகல் ஓவியர் என்று ஒதுக்குவது அநியாயம். ‘ஹான்ட் ஆஃப் ஃபியர்’ 12ஆம் இதழில் ஒரு கதை. பழைய சாமான் பொறுக்கி விற்கும் ஏழைக் கிழவரைப் பக்கத்துப் பணக்காரத் தகப்பனும் மகனும் விரட்டப் பார்க்கிறார்கள். காதலர் தின வாழ்த்து என்ற பெயரில் ஊரார் அனுப்பியதுபோல வசைப்பாட்டு அட்டைகளைக் குவிக்கிறார்கள். கிழவர் தூக்கில் தொங்கிவிடுகிறார். ஓராண்டு கழித்து அதே நாளில் எழுந்து வருகிறார். அவர் தரும் வாழ்த்து அட்டைக்குள் ஓர் இதயம் இருக்கிறது. அந்த அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் கிழவரின் முகத்தை இங்கெல்ஸ் எவ்வளவு பரிவோடு வரைந்திருக்கிறார் என்பதைக் கவனித்தால், பின்னால் வரும் கோரம் அந்தப் பரிவின் மறுபக்கம் என்பது புரியும்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பதே ஏறக்குறைய எல்லாக் கதைகளின் சட்டகமும். தண்டனை குற்றத்தின் சாயலிலேயே வரும். நிலவறைக் காவலன், வால்ட் காவலன், சூனியக் கிழவி ஆகிய மூன்று கதைசொல்லிகள் தொடக்கத்திலும் முடிவிலும் வந்து சிலேடையாகப் பேசி, ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுத்துப் பயத்தைச் சற்றே தளர்த்துவார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் பல கதைகளைத் தாங்கிக்கொள்ள முடியாது. சில கதைகள் எல்லை மீறியும் போயின. ‘ஃபவுல் பிளே’ என்ற டேவிஸின் கதையில் கொலையாளியின் உடல் உறுப்புகளையே மட்டையாகவும் பந்தாகவும் கோடாகவும் வைத்து நள்ளிரவில் பேஸ்பால் ஆடுகிறார்கள். பின்னாளில் டேவிஸே அதை நினைத்து மகிழ்ந்ததில்லை.

பிராட்பரியின் கடிதம்

1952இல் எழுத்தாளர் ரே பிராட்பரியின் இரண்டு கதைகளை ஒன்றாக்கி, அனுமதி பெறாமல், ஈ.சி.யின் அறிவியல் புனைகதை இதழ் ஒன்று வெளியிட்டது. பிராட்பரி வழக்குப் போடவில்லை. கதையைப் பாராட்டிவிட்டு, உரிமைத்தொகையான 50 டாலரை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலும் என்று கடிதம் எழுதினார். காசோலை உடனே போனது. அதன் பிறகு அவர் பெயரை அட்டையிலேயே அச்சிட்டு, ஒப்புதலுடன் பல கதைகளைப் படமாக்கினார்கள். ‘டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்’ 34, 36ஆம் இதழ்களில் வந்த பிராட்பரி கதைகளை வரைந்தவர் இங்கெல்ஸ்.

1954

மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம், ஹார்லெமில் ஏழைகளுக்கான மருத்துவமனை நடத்திய நல்ல மனிதர். சித்திரக்கதைகளே சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று அவர் உறுதியாக நம்பினார். 1954இல் அவர் நூல் வெளிவந்தது. ‘ஃபவுல் பிளே’யின் ஒரு பகுதியும் அதில் இருந்தது. அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த கேரல் டில்லி, சிறுவர்களின் வாக்குமூலங்களை அவர் வெட்டியும் ஒட்டியும் மாற்றியிருந்ததை 2012இல் எடுத்துக்காட்டினார். ஆனால் அதற்குள் 58 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று, சிறார் குற்றங்களை விசாரித்த செனட் துணைக்குழு முன் நியூயார்க்கில் கெய்ன்ஸ் தானாக முன்வந்து சாட்சி சொன்னார். செனட்டர் எஸ்டெஸ் கெஃபாவர், கிரெய்க் வரைந்த, ஈ.சி.யின் ‘கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்’ 22ஆம் இதழின் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் கோடரி, மறு கையில் பெண்ணின் வெட்டுண்ட தலை. இது ரசனைக்கு உகந்ததா என்று கேட்டார். திகில் இதழின் அட்டைக்கு உகந்ததுதான் என்றார் கெய்ன்ஸ்; தலையை இன்னும் சற்று உயர்த்திக் கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் தவறு என்றும் விளக்கினார். தன் தொழிலின் அளவுகோலை அவர் நேர்மையாகச் சொன்னார். மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் அது வந்தபோது, நேர்மையாக யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் திகில் இதழ்களை நிறுத்துவதாகக் கெய்ன்ஸ் அறிவித்தார். அக்டோபரில் பதிப்பாளர் சங்கம் கொண்டுவந்த நெறிமுறை, ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்களைத் தலைப்பில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. நடமாடும் பிணங்களும் ரத்தக்காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் கூடாது என்றது. புதிதாகத் தொடங்கவிருந்த நான்காவது இதழுக்காகத் தயாரித்த கதைகளைத் தாங்கி, 1955 தொடக்கத்தில் 46ஆம் இதழ் கடைசியாக வந்தது. பிரிட்டனும் அதே ஆண்டு இத்தகைய இதழ்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது.

நெறிமுறையின் கண் திகிலோடு நிற்கவில்லை. நிற அடிப்படையில் பிரிந்து வாழும் எந்திர மனிதர்களின் கோளைப் பார்வையிட்டுத் திரும்பும் விண்வெளி வீரர், கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போது கறுப்பினத்தவர் என்று தெரியவரும் ‘ஜட்ஜ்மென்ட் டே’ கதையை ஈ.சி. மறுபதிப்பு செய்ய முனைந்தது. அவர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றார் தணிக்கை அதிகாரி. கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் கொதித்தெழுந்து, ஒரு கோடும் மாற்றாமல் அச்சிட்டார்கள். 1956 தொடக்கத் தேதியிட்ட அந்த இதழே ஈ.சி.யின் கடைசிச் சித்திரக்கதைப் புத்தகம். ஈ.சி.யின் நகைச்சுவை இதழான ‘மேட்’ மட்டும் பத்திரிகையாக உருமாறித் தப்பித்தது.

பின்வாழ்வு

மூல ஓவியங்களைக் குப்பையில் போடுவது அன்றைய பதிப்பாளர்களின் வழக்கம். கெய்ன்ஸ் ஒவ்வொரு பக்கத்தையும் பாதுகாத்தார். இதழ்களின் படிகளையும் பத்திரமாகக் கட்டி வைத்தார். 1970களின் இறுதியில் ரஸ் காக்ரன் அந்த மூலங்களிலிருந்து பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில் முழுத்தொகுப்பை வெளியிட முடிந்தது அதனால்தான். மட்டமான தாளில் மங்கிப்போன கோடுகள் எவ்வளவு நுட்பமானவை என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

தலையணைக்கடியில் ஒளித்து வைத்துப் படித்த சிறுவர்கள் இதற்குள் வளர்ந்திருந்தார்கள். 1964இல் தொடங்கிய ‘கிரீப்பி’ பத்திரிகை ஈ.சி. ஓவியர்கள் பலரை மீண்டும் கூட்டிவந்தது. 1972இல் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் இதே பெயரில் இயக்கிய பிரிட்டிஷ் படத்தில் காதலர் தினக் கதையின் கிழவராக பீட்டர் குஷிங் நடித்தார். கிறிஸ்துமஸ் கதையில் ஜோன் காலின்ஸ். 1982இல் ஸ்டீஃபன் கிங் எழுத, ஜார்ஜ் ரோமெரோ இயக்கிய ‘கிரீப்ஷோ’ தொடக்கம் முதல் முடிவு வரை ஈ.சி.க்குச் செலுத்திய நன்றி. ‘கூஸ்பம்ப்ஸ்’ எழுதிய ஆர்.எல். ஸ்டைன் முடிதிருத்தகத்தில் இந்த இதழ்களைப் படித்ததைச் சொல்லியிருக்கிறார். ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சி 1989 முதல் 1996 வரை இதே பெயரில் ஒளிபரப்பிய தொடர் 93 பகுதிகள் ஓடியது. அதில் ஜான் காசிரின் கீச்சுக்குரலில் பேசிய பொம்மைதான் இன்றைய தலைமுறைக்குத் தெரிந்த நிலவறைக் காவலன்.

இங்கெல்ஸ் இந்தப் புகழிலிருந்து விலகியே இருந்தார். ஃபுளோரிடாவில் குடியேறி ஓவியம் கற்றுக்கொடுத்தார். திகில் இதழ்களைப் பற்றிப் பேசத் தேடிவந்தவர்களைப் பல ஆண்டுகள் திருப்பி அனுப்பினார். கடைசிக் காலத்தில் மனம் இளகி மறுபதிப்புகளுக்கான உரிமைத்தொகையை வாங்கிக்கொண்டார். 1991இல் இறப்பதற்கு முன், கேட்டவர்களுக்காகச் சூனியக் கிழவியைத் திரும்பவும் வரைந்து கொடுத்தார், இந்த முறை வண்ண ஓவியமாக.