மிளகு கப்பலேறியது, மிளகாய் அடுப்பேறியது



பொள்ளாச்சிச் சந்தையில் மூட்டை மூட்டையாகச் சிவந்து கிடக்கும் வற்றல் மிளகாயைக் காண்போர், அது ஆதிகாலந்தொட்டே நம் மண்ணில் விளைந்த பொருள் என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தில் எவர் வீட்டு அடுப்பங்கரையிலும் மிளகாய் இல்லை. அரண்மனையிலும் இல்லை, குடிசையிலும் இல்லை. உறைப்பு வேண்டின் மிளகு, இஞ்சி, திப்பிலி, கடுகு ஆகியவையே அன்று இருந்தன.

இதற்குச் சொல்லே சான்று கூறுகிறது. மிளகாய் என்பது மிளகும் காயும் சேர்ந்த சொல். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பது அதன் பொருள். புதிதாக வந்த பொருளுக்குத் தமிழர் தாம் அறிந்த பழம்பொருளின் பெயரையே சூட்டினர். நமக்கு அண்டையிலுள்ள பாலக்காட்டில் இன்னும் ஒருபடி மேலே சென்று, 'முளகு' என்ற பழம்பெயரையே மிளகாய்க்குக் கொடுத்துவிட்டு, மிளகைக் 'குருமுளகு' என்று வேறுபடுத்தினர். மதரஸாவில் அரபி பயிலும் நம் பிள்ளைகளுக்கு 'ஃபில்ஃபில்' என்ற சொல் தெரியும். மிளகுக்கு உரிய அந்தச் சொல்லையே அரபியர் மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் வழங்குகின்றனர். மூன்று மொழிகளிலும் மிளகே மூத்தது, மிளகாய் பின்வந்தது.

மிளகாய்க்கு முந்தைய உணவு எப்படி இருந்தது என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கடற்கரை வழியே பயணம் செய்த இப்னு பதூதா, ஹொன்னாவர் சுல்தானின் விருந்தை விவரித்துள்ளார். சோறு, நெய், ஊறவைத்த பச்சை மிளகுக் கொத்து, பச்சை இஞ்சி, எலுமிச்சை ஊறுகாய், மாங்காய் ஊறுகாய் என்று அந்த விருந்தில் இருந்தவற்றை வரிசையாகக் கூறுகிறார். சுல்தானின் விருந்தேயானாலும் அதில் மிளகாய் இல்லை.

அந்த மிளகுக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனைமலையின் ஈரமான சரிவுகளில் மிளகுக்கொடி படர்கிறது. அம்மலைக்கு வடக்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. கொங்கு நாட்டிலிருந்து மேலைக் கடற்கரைக்குச் செல்லும் வணிகப் பெருவழி அதுவே. பொள்ளாச்சியிலும் வெள்ளலூரிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் அவ்வழியின் பழமையைக் காட்டுகின்றன. ரோமானியருக்குப் பின் மேலைக் கடற்கரையின் மிளகு வாணிபத்தில் அரபு வணிகரும் மாப்பிள்ளை முஸ்லிம்களும் பல நூற்றாண்டுகள் முன்னின்றனர்.

இந்த மிளகைத் தேடித்தான் ஐரோப்பியர் கடலில் இறங்கினர். 1492இல் கொலம்பஸ் மேற்கு நோக்கிச் சென்று, மிளகுக்குப் பதிலாக அமெரிக்க மண்ணின் மிளகாயைக் கண்டார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். அடுத்த நூறாண்டில் நடந்ததைப் பொன்னானியின் அறிஞர் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' என்ற அரபி நூலில் பதிவு செய்துள்ளார். மிளகிலும் இஞ்சியிலும் முஸ்லிம்கள் வாணிபம் செய்வதைப் போர்த்துகீசியர் தடுத்ததையும், அவர்களின் கப்பல்களைக் கைப்பற்றியதையும், ஹஜ் பயணத்துக்கே இடையூறு செய்ததையும் அதில் காண்கிறோம். நம் ஆழியாற்று நீர் பாரதப்புழையில் கலந்து, அந்தப் பொன்னானியில்தான் கடலைச் சேர்கிறது என்பதை இங்கு நினைவிற்கொள்வோம்.

மிளகைப் பறித்துச் சென்ற அதே போர்த்துகீசியக் கப்பல்கள்தாம் மிளகாயைக் கொண்டுவந்து இறக்கின. வாணிபத்தை இழந்தோரின் துயரை இது ஈடுசெய்துவிட்டது என்று நாம் கூற மாட்டோம். ஆயினும், வந்திறங்கிய காய் எவர் கைக்குச் சென்று சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மிளகுக்கு மலையும் மழையும் வேண்டும். படர மரம் வேண்டும். நட்ட பின் காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். விளைந்தாலும் அது விலைக்குப் போகும் சரக்கு. மிளகாய்ச் செடியோ கொல்லைப்புறத்தில் சில மாதங்களிலேயே காய்க்கும். கொங்கின் வறண்ட நிலத்திலும் கிணற்று நீர் சிறிது கிடைத்தால் போதும். பறித்து வெயிலில் உலர்த்தினால் ஆண்டு முழுதும் கெடாது. ஆகவே, மிளகு வாங்க இயலாத எளிய வீட்டுக்கும் உறைப்பும் சுவையும் கிடைத்தன. கம்பங்கூழும் சோளச்சோறும் உண்டவர்க்கு நான்கு மிளகாயும் சிறிது உப்பும் போதுமான தொடுகறியாயின. இறைவன் தன் அருட்கொடையை எந்தக் கப்பலில் ஏற்றி அனுப்புவான் என்பதை யார் அறிவார்?

மிளகாயைத் தொடர்ந்து தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தன. அவை நம் அன்றாடச் சமையலில் இடம்பெற மேலும் நெடுங்காலம் ஆயிற்று. குடைமிளகாயும் மிளகாயின் உறவினமே. உறைப்பு மட்டும் இல்லை. பச்சையாகப் பறிப்பதைச் செடியிலேயே பழுக்கவிட்டால் சிவப்பாகிறது. சிவந்ததில் இனிப்பும் உயிர்ச்சத்து 'சி'யும் மிகுதி. 1930களில் ஹங்கேரி நாட்டின் அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி அந்த உயிர்ச்சத்தைப் பெருமளவில் பிரித்தெடுத்தது இத்தகைய சிவப்பு மிளகாயிலிருந்துதான். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வரலாற்றை நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. முஸ்லிம் வீட்டுச் சமையல் என்றாலே பிரியாணி என்று பிறர் நினைக்கின்றனர். அதைவிட வருத்தம், நம் பிள்ளைகளும் அவ்வாறே நினைக்கின்றனர். கறியில்லாத நாளில் வெறும் காய்தானா என்று முகம் சுளிக்கின்றனர். ஆனால் நம் முன்னோரின் வீடுகளில் இறைச்சி விருந்துக்கும் பெருநாளுக்கும் உரியதாயிருந்தது. மற்ற நாள்களில் பருப்பும் கத்தரிக்காயும் சுரைக்காயும் மிளகாயுமே ஆணமாயின. நபி (ஸல்) அவர்களைத் தையற்காரர் ஒருவர் விருந்துக்கு அழைத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அந்த ஆணத்தில் உலர்ந்த இறைச்சியும் சுரைக்காயும் இருந்தன. நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடி உண்டார்கள். அதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள் அன்று முதல் சுரைக்காயை விரும்பலானார்கள். பெரியவர் விரும்பி உண்டால் சிறியவர் தாமாகவே விரும்புவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

எனவே, வாரத்தில் இரண்டு மூன்று நாள்களேனும் காய்கறி உணவை விருப்பத்தோடு சமைப்போம். அதற்கு நேரமும் செலவும் மிகுதியாக வேண்டியதில்லை. சிவப்புக் குடைமிளகாய் இரண்டை நறுக்கிச் சின்ன வெங்காயத்தோடு எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, இரண்டு வற்றல் மிளகாய், சிறிது புளி, ஒரு பிடி தேங்காய், உப்பு சேர்த்து அரைத்தால் சோற்றுக்கும் தோசைக்கும் ஏற்ற துவையல் ஆயிற்று. வேகவைத்த உருளைக்கிழங்கும் தக்காளியும் குடைமிளகாயும் சேர்த்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்கவிட்டால் பிள்ளைகள் விரும்பும் ஆணம் ஆயிற்று.

கொங்கு நாட்டுக்கே உரிய அரிசிம்பருப்புச் சோற்றையும் மறவாதீர்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பும் மூன்றரை டம்ளர் தண்ணீரும் போதும். சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, வற்றல் மிளகாய் தாளித்து, நுணுக்கிய மிளகும் சீரகமும் மஞ்சளும் உப்பும் சேர்த்து ஒன்றாகவே வேகவிடுங்கள். இறக்கும்போது வதக்கிய குடைமிளகாயைக் கலந்தால் நிறமும் மணமும் கூடும். ஆனைமலையின் மிளகும், கடல் கடந்து வந்த மிளகாயும் அந்த ஒரே பானையில் சேர்ந்து வேகின்றன. எது நம்முடையது, எது வந்தது என்று எவரும் பிரித்து உண்பதில்லை.

ஆணத்தில் சற்று நீரை அதிகமாக்கி அண்டைவீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். காய்கறி ஆணம் எந்த அண்டைவீட்டாருக்கும் தயக்கமின்றிக் கொடுக்கக்கூடியது, அவர்களும் தயக்கமின்றி வாங்கக்கூடியது. எளிய உணவில் நிறைவு காணும் உள்ளத்தையும், அதைப் பகிர்ந்துண்ணும் கரங்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.