மலையை வெட்டாத வீடு

சிவகாசி, விருதுநகர் பக்கம் பெரும்பாலும் கரிசல் பூமி. அங்கே வீடு கட்டுகிறவருக்கு மண் வெடிப்பு விடுமே என்றுதான் கவலை. சரிவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆனால், தீப்பெட்டியிலும் பட்டாசிலும் பாடுபட்டுச் சேர்த்த காசில், மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மனை வாங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒடுக்கமான மனை, அதுவும் செங்குத்தாக! உடனே என்ன செய்வோம்? ஜே.சி.பி.க்குப் போன் போடுவோம்!

கொஞ்சம் பொறுங்க. அதே மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் ஒருவர் சரிவிலேயே வீடு கட்டிக் குடும்பத்தோடு வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

அவர் பெயர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த கட்டடக் கலைஞர். 1945-ல் தொழுநோயாளிகளுக்குக் கட்டடம் அமைக்க இந்தியா வந்தார். 1948-ல் கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்தார். தம்பதி குடியேறியது இமயமலையின் பித்தோராகரில். அங்கே ஊர்க்காரர்கள் கல்லையும் மண்ணையும் வைத்தே சரிவில் உறுதியாக வீடு கட்டியிருந்தார்கள். பர்மிங்ஹாம் படிப்பு அங்கே கைகொடுக்கவில்லை. 1963 வரை அந்த மலைதான் அவருக்குப் பள்ளிக்கூடம்!

பிறகு திருவனந்தபுரம் நாலாஞ்சிறாவில், பாறைச் சரிவில் 'ஹாம்லெட்' என்ற சொந்த வீடு. முதலில் ஒரே ஒரு அறை. தேவைப்பட்டபோது ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டார். குன்றைத் தட்டையாக்கவில்லை, குன்று போன போக்கில் வீடும் ஏறி இறங்கியது.

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. வீட்டின் நீளவாக்கைச் சரிவுக்குக் குறுக்கே வைத்தால் வெட்டும் மண் குறையும், செலவும் குறையும். சரி, உங்கள் மனையே ஒடுக்கமாக மேல்நோக்கிப் போகிறதா? அறைகளைப் படிப்படியாக அமையுங்கள். வானம் தோண்டிய மண்ணை வெளியே கொட்டாமல், அங்கேயே தரைக்கு நிரப்புங்கள். செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறி'க் கட்டில் சுமார் 25 சதவிகிதம் செங்கல் மிச்சம்!

மொத்தமாக வெட்டினால்? பின்னால் ஆளுயர மண்சுவர் நிற்கும். மழையில் ஊறி அது கனத்து, தாங்குசுவரைத் தள்ளும். தண்ணீர் வெளியேற ஓட்டையும், மேல்பக்கம் வடிகாலும் இல்லையென்றால் அத்தனையும் வந்து விழுவது பிள்ளைகள் தூங்கும் அறைமேல்தான்.

பேக்கர் 2007-ல் காலமானார். ஜே.சி.பி.யைக் கூப்பிடும் முன், ஒரு நல்ல மழையில் குடையோடு உங்கள் மனையில் போய் நில்லுங்கள். தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறதோ, அந்த வழியை விட்டுவிட்டு அப்புறம் வானம் தோண்டுங்க.