மாலதபாய்: கணக்கு முடியாத புதன் சந்தை

"புதன்கிழமைன்னா விடியறதுக்குள்ள அங்க இருக்கணும். எட்டு மணிக்கு மேல போனா ஆடு மாடெல்லாம் கைமாறிப் போயிருக்கும்" என்று நண்பர் முதல்நாள் இரவே எச்சரித்துவிட்டார். அவர் துமகெத்தேயில் பள்ளி ஆசிரியர். மத்திய பிலிப்பைன்ஸில், நெக்ரோஸ் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிற சிறு நகரம் அது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் சம்போவாங்கிட்டா வட்டாரத்தில் மாலதபாய் வரும். மற்ற ஆறு நாளும் அது, எதிரே தெரியும் ஆபோ தீவுக்குப் படகு ஏறுகிற கடற்கரை. புதன்கிழமை மட்டும் சந்தை.

போனதற்குக் காரணம் உண்டு. இந்தத் தீவுகளில் ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்த வணிகத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அதன் மிச்சத்தை மாலதபாயில் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். நோட்டில் 'கலப்பில்லாத பழைய சந்தை' என்று தலைப்புகூடப் போட்டு வைத்திருந்தேன். அந்தத் தலைப்பை மத்தியானத்துக்குள் அடிக்க வேண்டி வந்தது.

மலையும் கடலும்

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது பன்றிகளின் அலறல்தான். சாலையிலிருந்து கடலை நோக்கி ஒரு மண்பாதை இறங்குகிறது. அதன் இரண்டு பக்கமும்தான் சந்தை. மேல்பகுதியில் கால்நடை: கயிறு கட்டிய எருமைகள், வெள்ளாடுகள், கூடையில் சண்டைச் சேவல்கள், சாக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டும் பன்றிக்குட்டிகள். பயண நூல்கள் இதை 'ஏலம்' என்கின்றன. நான் பார்த்தது பேரம். வாங்குகிறவர் மாட்டின் முதுகைத் தட்டிப் பார்க்கிறார், ஒரு விலை சொல்கிறார், வேண்டாம் என்று நடக்கிறார், பத்தடி போய்த் திரும்பி வருகிறார். விற்கிறவர் அவர் திரும்புவார் என்று தெரிந்தே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கீழே இறங்க இறங்க சரக்கு மாறுகிறது. காய்கறி, புகையிலை, அபாக்கா நார்க்கயிறு, பாய், வெட்டுக்கத்தி. அப்புறம் சாப்பாடு: மூங்கிலில் கோத்துச் சுட்ட முழுப் பன்றி, தென்னங்குருத்தில் பின்னிய கூட்டுக்குள் வேகவைத்த சோறு, வாழையிலையில் சுற்றிய இனிப்புப் பச்சரிசிக் கட்டி, தென்னங்கள். கடைசியில் மணல். அங்கே இருபுறமும் மூங்கில் மிதவை கட்டிய படகுகள் கரையேறி நிற்கின்றன. ஆபோ தீவிலிருந்து மீன் அதில்தான் வருகிறது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஓட்டம் புரிகிறது. மேலேயிருந்து மலைக்காரர்கள் இறங்குகிறார்கள். கீழேயிருந்து கடல்காரர்கள் ஏறுகிறார்கள். தீவில் பயிர் செய்ய நிலம் குறைவு, மலையில் மீன் கிடையாது. இரண்டு பேரும் நடுவழியில் எதிர்ப்படுகிற இடம்தான் சந்தை.

இங்கே வாரச்சந்தையைச் சொல்லும் செபுவானோ சொல் 'தாபோ'. பக்கத்து மொழியான ஹிலிகாய்னோனில் இதே சொல் 'நேர்வது, நிகழ்வது' என்ற பொருளிலும் வழங்குகிறது. செபு நகரத்தில் கருவாட்டுக்குப் பேர்போன 'தாபோஆன்' என்ற கடைத்தெருவின் பெயரும் இதிலிருந்து வந்ததுதான். தகாலோக் பேசும் மணிலாக்காரர்களிடம் 'தாபோ' என்றால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது குளியலறையில் தண்ணீர் மொள்ளும் குவளை.

மூட்டையோடு போனவர்கள்

பழைய வணிகம் எப்படி நடந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒரு சீன நூலில் இருக்கிறது. சுவான்சௌ துறைமுகத்தில் கடல்வணிக அதிகாரியாக இருந்த ஜாவோ ருகுவா 1225-இல் தொகுத்த 'ஜு ஃபான் ஜி'. (சுவான்சௌ நமக்கும் தெரிந்த ஊர்தான். 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது அங்கேதான்.) இன்றைய மிந்தோரோ தீவு என்று பலரும் கருதும் 'மா-யி' பற்றி அதில் ஒரு செய்தி. சீனக் கப்பல் வந்து நின்றதும் உள்ளூர் ஆட்கள் ஏறி, சரக்கைக் கூடைகளில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். யார் எதை எடுத்தார்கள் என்று முதலில் ஒன்றும் புரியாதாம். போனவர்கள் மற்றத் தீவுகளில் விற்றுவிட்டு எட்டு ஒன்பது மாதம் கழித்துத் திரும்பி வந்து கொடுக்க வேண்டியதைக் கொடுப்பார்களாம். சரக்கு காணாமல் போனதில்லை என்கிறார்.

1521 ஏப்ரலில் மகெல்லனோடு செபுவுக்கு வந்த பிகாஃபெட்டா இன்னொரு படம் தருகிறார். நடுவில் கயிறு கட்டிய மரத் துலாக்கோல், ஒரு முனையில் ஈயம், மறுமுனையில் அளவுக்குறிகள். அதை வைத்து இவர்கள் சரியாக நிறுக்கிறார்கள் என்று எழுதுகிறார். பதினான்கு ராத்தல் இரும்புக்குப் பத்து எடைப் பொன் கொடுத்தார்களாம். மாலுமிகள் பொன்னைக் கண்டு பறந்தால் வியாபாரமே கெட்டுவிடும் என்று மகெல்லன் அவர்களைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. பேரம் பேசத் தெரியாதவர்கள் யார் என்பது இதிலேயே தெரிகிறது.

இந்த நாட்டில் கிடைத்த ஆவணங்களில் ஆண்டு குறித்தவற்றுள் மிகப் பழையதும் கடன் பற்றியதுதான். கி.பி. 900-க்குரிய லகுனா செப்பேடு, ஒரு குடும்பத்தின் பொற்கடன் தீர்ந்துவிட்டது என்று சான்று சொல்கிறது.

இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டுதான் மாலதபாய் மண்பாதையில் இறங்கினேன்.

அடிக்க வேண்டி வந்த தலைப்பு

முதல் இடி மக்காச்சோளத்திடமிருந்து வந்தது. இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு நெடுங்காலமாக அரிசியைவிட வெள்ளை மக்காச்சோள நொய்தான் சோறு. சந்தையில் மூட்டை மூட்டையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் சர்க்கரைவள்ளி, தக்காளி, சௌசௌ, நிலக்கடலை. அத்தனையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்தில் வந்து வேர்பிடித்தவை. பெயர்களும் கூடவே வந்தன. 'கமோத்தே', 'கமாத்திஸ்', 'சயோத்தே' எல்லாம் மெக்சிகோவின் நவாட்ல் மொழிச் சொற்களின் வழிவந்தவை. மாங்காய்க் கூடையைக் காட்டி நண்பர் 'மங்கா' என்றார். அது மட்டும் நம் வீட்டுச் சொல். தமிழிலிருந்து மலாய்க்குப் போய், மலாயிலிருந்து இங்கே வந்தது.

சந்தைக்கான சொற்களைப் பாருங்கள். நாட்டின் பல பகுதிகளில் 'தியாங்கே' என்பார்கள். அதுவும் நவாட்ல் சொல்தான், ஸ்பானியர் வாய்வழியாகப் பசிபிக்கைக் கடந்தது. நகரத்தில் கட்டடத்துக்குள் நடக்கும் தினச்சந்தை 'பலெங்கே'. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லின் மூலப்பொருள் மரக்கழி நட்ட வேலி. சிதறிக் குடியிருந்தவர்களைக் கோயில்மணி கேட்கும் தூரத்துக்குள் கொண்டுவந்து ஊராக்க வேண்டும் என்பது ஸ்பானியப் பாதிரிமாரின் கொள்கை. மணிக்குக் கீழே ஜனம், வேலிக்குள்ளே சந்தை. வரி வாங்க அதுதான் வசதி.

மாலதபாயில் வேலி இல்லை, மதிலும் இல்லை என்று நான் சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, ரசீதுக் கட்டோடு ஒருவர் கடை கடையாக வந்தார். ஒவ்வொருவரும் சில்லறையை நீட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். "அர்கபாலா" என்றார் நண்பர். காஸ்தீலிய அரசர்கள் பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே விதித்துவந்த விற்பனை வரி 'அல்கபாலா'. அந்தப் பெயரும் அவர்களுக்கு அரபியிலிருந்து வந்தது. மதில் இல்லாவிட்டால் என்ன, வரி நடந்தே வந்துவிடுகிறது.

தலைப்பை அடித்தேன். கலப்பில்லாத எதுவும் அங்கே இல்லை.

மூன்று வாரக் கருவாடு

மத்தியானம் நெருங்கியது. கடற்கரைப் பக்கம் ஒரு கருவாட்டுக் கடையோரம் நிழலில் உட்கார்ந்தோம். கடைக்காரம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், ஆபோ தீவு. இங்கே வயதில் மூத்த பெண்களை 'நாங்' என்று கூப்பிடுகிறார்கள், நம் அக்கா மாதிரி. நண்பர் இடையிலிருந்து மொழிபெயர்த்தார்.

அவருடைய சரக்கிலிருந்து தள்ளி ஒரு பொட்டலம் தனியாகக் கட்டி வைத்திருந்தது. விலை கேட்டேன். "அது விக்கிறதுக்கு இல்ல. என் சுகிக்கு" என்றார்.

'சுகி' இங்கே முக்கியமான சொல். ஹோக்கியன் சீனத்திலிருந்து வந்தது என்பார்கள். வாடிக்கைக்காரர் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். வாங்குகிறவருக்கு விற்கிறவர் சுகி, விற்கிறவருக்கு வாங்குகிறவர் சுகி. விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், கடன் சொல்லலாம், ஆனால் வேறு கடைக்குப் போனால் கோபம் வரும்.

இவருடைய சுகி மலைமேலிருந்து வருகிற ஓர் அம்மா. முப்பது வருஷமாக மக்காச்சோளமும் காயும் கொண்டுவந்து கருவாடு எடுத்துப் போகிறவர். மூன்று புதன்கிழமையாக வரவில்லை.

"உடம்பு சரியில்லையோ?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல. இப்ப லாரி தோட்டத்துக்கே வருது. அவ மகன் காயெல்லாம் அதுலயே ஏத்தி விட்டுடறான். பின்ன எதுக்கு இறங்கி வரப்போறா?"

"உங்களுக்கு எவ்வளவு பாக்கி?"

நாங் தோளைக் குலுக்கினார். "கணக்கு அவகிட்ட இருக்கு."

ஜாவோ ருகுவாவின் கூடைக்காரர்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அவர்களிடமும் கணக்கு எடுத்தவர் கையில்தான் இருந்தது.

நாங்கள் கிளம்ப எழுந்த நேரத்தில் ஒரு பையன் சாக்கு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். மலைக்கார அம்மாவின் பக்கத்து வீடு. மக்காச்சோள நொய். "அம்மா கொடுக்கச் சொன்னாங்க. இதோட கணக்கு சரியாப்போச்சாம்" என்றான்.

நாங் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தனியாக வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து, மேலே இன்னொரு பிடி கருவாடு வைத்துக் கட்டி அவன் கையில் கொடுத்தார்.

"காசு?" என்றான் பையன்.

"அவளே வந்து கொடுக்கட்டும். சரியாகல, இன்னும் பாக்கி இருக்குன்னு சொல்லு."

பையன் சிரித்துக்கொண்டே மேட்டில் ஏறிப்போனான். நண்பர் இதை எனக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினார். தேவைப்படவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது லகுனா செப்பேட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். கடன் தீர்ந்தது என்பதற்குப் பத்திரம் எழுதி வைப்பார்கள். கடன் தொடர்கிறது என்பதை யாரும் செம்பில் வெட்டுவதில்லை. ஆகவே வரலாற்றுக்காரன் கையில் கிடைப்பது பெரும்பாலும் முடிந்துபோன கணக்குகளும் வரிச்சீட்டுகளும்தான். நான் தேடிப்போன பழமை சரக்கிலும் இல்லை, சொல்லிலும் இல்லை. இரண்டுமே கடல் கடந்து வந்தவை. திரும்பி வருவார் என்று நம்பிக் கொடுத்தனுப்புகிற பழக்கம் மட்டும் 1225-இல் ஒரு சீன அதிகாரியைக் குறிப்பெழுத வைக்கும் அளவுக்குப் பழையது. அதை ஒரு லாரி நிறுத்திவிடுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அடுத்த புதன்கிழமை அந்த மலைக்கார அம்மா இறங்கி வந்தாரா என்று நண்பரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நோட்டில் இப்போது தலைப்பு 'தாபோ' என்று மட்டும் இருக்கிறது.