நான்கே பருவங்கள் ஓடிய "பென்ஷனர்ஸ்"



லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானம் என்றதும் உங்களுக்குச் செல்சி கால்பந்து அணிதான் நினைவுக்கு வரும். அதே புல்தரையைச் சுற்றி ஒரு காலத்தில் பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்கள் சீறிப் பாய்ந்தன என்பதை அறிந்தவர்கள் குறைவு. அந்த மோட்டார் சைக்கிள் அணி லீக்கில் ஓடியது 1929 முதல் 1932 வரை மட்டுமே.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஸ்பீட்வே. அந்நாளில் நிலக்கரி எரிந்து மிஞ்சிய கசடு பரப்பிய நீள்வட்டப் பாதை. ஒரு சுற்றுக்கு நான்கு வீரர்கள், நான்கு முறை வலம் வரவேண்டும். வலம் என்றேனே தவிர, வண்டிகள் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பும். பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, கைப்பிடியை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி இடப்பக்கம் போவார்கள். இடது காலில் இரும்புத் தகடு பொருத்திய காலணி. வகுப்பில் உராய்வு விசை படித்தவர்கள் ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள்.

1923 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிட்லண்டு விவசாயக் கண்காட்சியில் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயத்தையே பலரும் இதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் அது பெரும் பரபரப்பானது 1928 பிப்ரவரி 19 அன்று, லண்டனுக்கு அருகே எப்பிங் காட்டிலுள்ள ஹை பீச் என்ற இடத்தில். வந்த கூட்டம் ஏறத்தாழ 30,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். பிறகு சும்மா இருப்பார்களா? அதே ஆண்டிலேயே ஊருக்கு ஊர் ஓடுபாதைகள் முளைத்தன. ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜும் அவற்றில் ஒன்று.

அதுவரை ஒவ்வொரு வீரரும் தனக்காக, பரிசுப் பணத்துக்காக ஓடினார். 1929-இல் லீக் போட்டிகள் வந்தபோதுதான் அணி என்ற ஒன்று உருவானது. ஒவ்வொரு சுற்றிலும் இந்த அணிக்கு இருவர், அந்த அணிக்கு இருவர். தான் முந்தினால் மட்டும் போதாது, கூட்டாளிக்கும் வழி விட்டுத் தரவேண்டும். அந்த முதல் தெற்கு லீக்கின் சாம்பியன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் அணிதான்.

அவர்களுடைய பட்டப்பெயர் "பென்ஷனர்ஸ்"! செல்சியில் ஓய்வுபெற்ற படைவீரர்கள் வாழும் ராயல் ஹாஸ்பிட்டல் என்ற பழைய இல்லம் உண்டு. சிவப்புக் கோட்டு அணிந்த அந்த முதியவர்களை வைத்துக் கால்பந்து அணிக்கு வந்த பெயர் இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஓட்டியவர்கள் எல்லாம் இளைஞர்கள். நானும் ஒரு பென்ஷனர் என்பதால் இந்த அணிமேல் எனக்குத் தனிப் பாசம்! ஆனால் இதே ஓடுபாதையில் 19 வயது இளம் வீரர் ஒருவர் விபத்தில் உயிரிழந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பென்ஷன் வயதை அவர் பார்க்கவே இல்லை.

இந்த அணியின் வீரர்களில் இருவரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கஸ் குன். பின்னாளில் லண்டனில் அவர் தொடங்கிய மோட்டார் சைக்கிள் கடை பெரும்புகழ் பெற்றது. இன்னொருவர் வால் பிலிப்ஸ். ஓட்டுவதோடு எஞ்சினையும் நன்கு அறிந்தவர். அப்போது பந்தயங்களில் டக்ளஸ், ரட்ஜ் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. லண்டன் டாட்டன்ஹாமிலிருந்த ஜே.ஏ.பி. நிறுவனம், இந்த விளையாட்டுக்கென்றே 500 சி.சி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கியது. அந்த முயற்சியில் பிலிப்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. 1930-இல் அதைப் பந்தயத்தில் ஓட்டிக் காட்டியவரும் அவரே.

பிறகு என்ன ஆயிற்று? 1930, 1931 ஆண்டுகளில் தெற்கு லீக் பட்டம் வெம்ப்ளிக்குப் போனது. 1932-இல் லீக் பட்டம் மறுபடி வெம்ப்ளிக்கு. ஆனால் அதே ஆண்டின் நேஷனல் அசோசியேஷன் கோப்பையை நம் பென்ஷனர்ஸ் வென்றார்கள். அந்தப் பருவத்தோடு அணி முடிந்துபோனது. கடைசி ஆண்டிலும் கோப்பை வென்ற அணி, அடுத்த ஆண்டு பட்டியலிலேயே இல்லை! வென்றால் நிலைக்கலாம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த மைதானத்தில் முதல் உரிமை கால்பந்துக்கு; மோட்டார் சைக்கிள்கள் ஓரத்தில் ஒதுங்கிய குடித்தனக்காரர்கள்தாம்.

ஆனால் அந்த எஞ்சின் நிலைத்தது. 1936-இல் வெம்ப்ளியில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தபோது ஸ்பீட்வே என்றாலே ஜே.ஏ.பி. எஞ்சின்தான். 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் எஞ்சின்கள் இடத்தைப் பிடிக்கும்வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அதன் ஆட்சி. அணி ஓடியது நான்கு பருவங்கள். அதன் வீரர் ஒருவர் கைவைத்து உருவாக்கியது ஒரு தலைமுறைக்கும் மேல் ஓடியது.

அடுத்த முறை தொலைக்காட்சியில் செல்சி ஆட்டம் பார்க்கும்போது, கோல் விழுந்த ஆரவாரத்துக்கு நடுவே இந்தப் பென்ஷனர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இப்படிச் சில காலமே இருந்து மறைந்த விளையாட்டு அணி எதுவும் உண்டா? தெரிந்தால் எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.